தோல் ஃப்ளைட் ஜாக்கெட்: வெள்ளை பூக்குது, பைக்கில் முதுகு திறக்குது. உதவி தேவை

காஸ்வே_காலை5மணி:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ஒருத்தர்கிட்ட 180 வெள்ளி கொடுத்து விமானிகள் போடுற பழைய ஃப்ளைட் ஜாக்கெட் ஒண்ணு வாங்கினேன். ஏ-2 மாடல், அடர் பழுப்பு, தோல். பிளாஸ்டிக் உறையில போட்டு அலமாரியில மாட்டிவெச்சேன். மூணு வாரம் கழிச்சு எடுத்தா, காலர்லயும் தோள்லயும் திருநீறு தூவின மாதிரி வெள்ளை!

ரெண்டாவது பிரச்சினை: பைக்ல ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கையை நீட்டினா ஜாக்கெட் மொத்தமா மேல ஏறி இடுப்புக்கிட்ட முதுகு தெரியுது. விடியற்காலைக் காத்து நேரா அங்கேதான் அடிக்குது. அளவு தப்பா வாங்கிட்டேனா?

மூணாவது: ஜனவரியில குடும்பத்தோட தென்கொரியாவுல சோல் போறோம். அந்தக் குளிருக்கு இது தாங்குமா?

சிங்கப்பூர்ல தேக்காவுல ஒரு தையல்காரர்கிட்ட "ஜாக்கெட்டைக் கொஞ்சம் இறக்கித் தைக்கணும்"னேன். "சேலை கொண்டு வந்திருக்கீங்களா?"ன்னு கேட்டார். அதான் இங்க வந்துட்டேன்.

சும்மா_சுப்பு:
திருப்பிப் போட்டு ஓட்டுங்க பாஸ். ஜிப் முதுகுப் பக்கம், நெஞ்சுல காத்து படாது. நம்ம ஊர்ல பாதிப் பேர் அப்படித்தானே போறாங்க.

ஹேங்கர்_தாத்தா:
தம்பி, விமானப் பராமரிப்பில் இருபது வருடம் இருந்தவன் சொல்கிறேன். முதலில் அந்த வெள்ளை என்னவென்று கண்டுபிடியுங்கள். கண்டதைத் தடவிவிடாதீர்கள்.

ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து இளஞ்சூடாகக் காட்டுங்கள். வெள்ளை உருகித் தோலுக்குள் போய்விட்டால் அது தோலுக்கு ஊட்டிய கொழுப்பு வெளியே பூத்தது, துடைத்தால் தீர்ந்தது. ஈரத்துணி பட்டதும் கரைந்தால் உப்பு. உருகவும் இல்லை, பழைய பாய் போல வாடையும் அடிக்கிறது என்றால் பூஞ்சணம். செதில் செதிலாக உரிந்து உள்ளே துணி தெரிந்தால் அது தோலே இல்லை, பாலியூரித்தேன் பூச்சு. நம் ஊர் ஈரம் அதைத் தின்றுவிடும், வைத்தியம் கிடையாது.

காஸ்வே_காலை5மணி:
இப்பத்தான் செஞ்சு பார்த்தேன் ஐயா. உருகலை. துடைச்சா போகுது, ஆனா வாடை இருக்கு. ரெண்டு நாள் முன்னாடி துடைச்ச காலர்ல மறுபடி லேசா பூத்திருக்கு.

ஹேங்கர்_தாத்தா:
பூஞ்சணமேதான். உரியவில்லை என்பதால் பிழைத்தீர்கள், அசல் தோல். காரிடாருக்குக் கொண்டுபோய் மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் வித்து எல்லா அலமாரிக்கும் பரவும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, உள்மடிப்பில் ஓரிடத்தில் சோதித்துவிட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். நிழலில் காயட்டும். வெயிலில் போட்டால் விறைத்துவிடும். காய்ந்த பிறகு தோலுக்கான கண்டிஷனர் கொஞ்சமாக.

அந்தப் பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போடுங்கள், வில்லன் அதுதான். இங்கே காற்றின் ஈரப்பதம் வருடச் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். 65, 70 தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். பருத்தி உறை போடுங்கள். ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்தால் ஜாக்கெட்டிலிருந்து தள்ளி வையுங்கள். அதில் சேரும் தண்ணீர் கால்சியம் குளோரைடு கரைசல். சிந்தினால் தோல் சுருங்கிப் பாழாகும். என் மருமகனின் பெல்ட் ஒன்று கருவாடு மாதிரி ஆனது.

ஊசிமுனை_அக்கா:
தம்பி, தோல் தைக்கிறவ நான். அதை "இறக்க" முடியாது, யாராவது முடியும்னு சொன்னா நம்பாதீங்க. தோல்ல ஊசி போட்ட ஓட்டை மூடவே மூடாது, பிரிச்சா வரிசையா ஓட்டை நிக்கும். இடுப்புல இருக்கிற ரிப், அதாவது பின்னல் பட்டை, தளர்ந்திருந்தா மட்டும் மாத்தலாம், அதுவும் பழைய ஓட்டையிலேயே ஊசி இறங்கணும். முதுகை ஒரு படம் போடுங்க.

காஸ்வே_காலை5மணி:
படம் போட்டிருக்கேன் அக்கா. ரிப் நல்லா இறுக்கமாத்தான் இருக்கு. முதுகு ஒரே துண்டு, நடுவுல தையலே இல்லை.

ஊசிமுனை_அக்கா:
அப்போ அளவு தப்பில்லை. அந்த மாடலே அப்படித்தான்.

ஹேங்கர்_தாத்தா:
அக்கா சொன்னது சரி. ஏ-2 1931ல் அமெரிக்க ராணுவ விமானப் படைக்கு வந்தது. ஒட்டுப்போடாத ஒரே தோலில் முதுகு, அதுதான் அதன் அழகு. ஆனால் கை முன்னே போனால் நீளக் கூடுதல் தோல் எங்கே இருக்கிறது? மொத்தமும் மேலே ஏறும். குட்டையாக வைத்ததும் உட்கார்ந்தே இருக்கும் விமானிக்காகத்தான். நீளமாக இருந்தால் இருக்கையில் மடங்கி வயிற்றில் குத்தும். அமெரிக்கக் கடற்படையின் ஜி-1ல் இரண்டு தோளுக்கும் பின்னால் மடிப்பு விட்டிருப்பார்கள். கையை நீட்டினால் மடிப்பு விரியும், இடுப்பு அசையாது. பைக்குக்கு நீங்கள் தேட வேண்டியது அந்த முதுகை. ஆட்டுத்தோல், மெலிசாக இருந்தாலும் கெட்டி.

இன்னொன்று. சாலையில் விழுந்தால் காப்பாற்ற இதில் முழங்கைக்கோ தோளுக்கோ எந்தக் கவசமும் இல்லை. அதற்கு ரைடிங் ஜாக்கெட்தான்.

சோலுக்கு இது போதாது. உள்ளே வெறும் மெல்லிய துணி லைனிங்தான், கை நுழைத்துச் சூடேற்றப் பக்கவாட்டுப் பையும் இல்லை. 25,000 அடியில் மைனஸ் 30க்குக் கீழே பறந்த குண்டுவீச்சு விமானக் குழுவினர் போட்டது பி-3 என்ற கம்பளி ஆட்டுத்தோல். அதைப் போட்டுக்கொண்டு சாங்கி விமான நிலையம் வரை போவதற்குள் நீங்கள் இட்லி ஆகிவிடுவீர்கள்.

சும்மா_சுப்பு:
அப்ப அந்தப் பச்சை நைலான், உள்ளே ஆரஞ்சு, அது?

ஹேங்கர்_தாத்தா:
எம்ஏ-1. ஜெட் விமானக் காலத்துச் சரக்கு. பாராசூட் வாரில் சிக்கியதால் ரோமக் காலரை எடுத்துவிட்டுப் பின்னல் காலர் வைத்தார்கள். ஆரஞ்சு பிறகு வந்தது: விழுந்த விமானி திருப்பிப் போட்டுக்கொண்டால் தேடுபவர் கண்ணில் படும். நெருப்பில் மட்டும் நைலான் உருகி உடம்பில் ஒட்டும், அதனால்தான் 1970களில் நோமெக்ஸ் என்ற தீத்தாங்கும் துணிக்கு மாறினார்கள். சோலுக்கு உள்ளே ஸ்வெட்டர், மேலே எம்ஏ-1, அதற்கும் மேல் நீளக் கோட்டு.

காஸ்வே_காலை5மணி:
ரொம்ப நன்றி ஐயா, அக்கா. சோலுக்குக் கோட்டு மச்சான்கிட்ட இரவல் சொல்லியாச்சு. ஏ-2வை விக்கலை, மனசு வரலை. ராத்திரி சாப்பிட வெளிய போறப்ப மட்டும். ஆல்கஹால் போட்டுத் துடைச்சு, ஃபேனுக்கு முன்னாடி தொங்கவிட்டேன். காலையில தண்ணி குடிக்க எழுந்த அம்மா, ஹால்ல யாரோ நிக்கிறான்னு கத்திட்டாங்க. நாலு நாளாச்சு, வெள்ளை திரும்ப வரலை.