ஆடித் தள்ளுபடியில் வாங்கிய கிரைண்டர், உளுந்து பொங்கினதும் நின்னு போகுது

திருச்சி என்.எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு கடையில், இந்த ஆடித் தள்ளுபடியில் எடுத்தது. 2 லிட்டர் டில்டிங் டேபிள் டாப், மூணு குழவி, 150 வாட்ஸ் மோட்டார். விலை என்னவோ நல்ல விலைதான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

அரிசி போட்டா ஒழுங்கா ஓடுது. உளுந்தும் முதல்ல நல்லாத்தான் அரையுது. பொங்கி மேலே வர நேரத்துல டிரம் மெதுவாகி நின்னுடுது, மோட்டார் மட்டும் உர்ருனு ஓடிக்கிட்டே இருக்கு. ரப்பர் கருகுற வாடை. போன ஞாயித்துக்கிழமை கீழ் மூடியைக் கழட்டிப் பார்த்தேன், பெல்ட் ஓரத்துல கறுப்பா பொடி உதிர்ந்து கிடந்துச்சு.

உளுந்தைப் பாதியாக் குறைச்சாச்சு. கூடுதலா ஊற வெச்சு, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சு ஆட்டியாச்சு. மேல் திருகைத் தளர்த்தியும் இறுக்கியும் பார்த்தாச்சு. வேற பிளக்லயும் போட்டாச்சு. எல்லாத்துக்கும் அதே கதை.

கடைக்காரர் "தள்ளுபடி சரக்கு, திருப்பி எடுக்க மாட்டோம்"னு கைவிரிச்சுட்டார். சர்வீஸ்காரர் போன்லயே, வாரண்டி மோட்டாருக்குத்தான், பெல்ட்டுக்குக் காசு தரணும்னு சொல்றார். ஆள் வந்து பார்க்கவே இல்லை. அதுக்குள்ள பெல்ட்னு எப்படி முடிவு பண்ணாரோ! பில்லும் வாரண்டி கார்டும் பத்திரமா இருக்கு. தேவைப்பட்டா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் கொடுக்கவும் தயார்.

கிரைண்டர் ரிப்பேர் தெரிஞ்சவங்க சொல்லுங்க: பெல்ட்டை மாத்தினா இது தீருமா, இல்லை மோட்டார் பக்கமும் கோளாறு இருக்குமா?