கன்னிப்பூ அறுப்பு: வண்டி போன பிறகு மிஞ்சுகிற வேலை யாருடையது?

கேள்வி – தாழக்குடி மருமகள்

எங்கள் வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கிறது. என் கணவரும் அவருடைய அண்ணனும் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. ஜூனில் பேச்சிப்பாறை அணையைத் திறந்தபின் கன்னிப்பூவுக்கு, அதாவது முதல் போகத்துக்கு, நட்ட அம்பை 16 ரக நெல், புரட்டாசி பிறந்ததும் அறுப்புக்கு வந்துவிடும். பெல்ட் வண்டி (அறுவடை இயந்திரம்) வயலில் இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் நெல் மூட்டையாகிவிடுவதால், நாகர்கோவிலில் வேலை பார்க்கும் கணவர் ஒருநாள் விடுப்போடு தம் பங்கு முடிந்ததாக நினைக்கிறார். சென்னையில் இருக்கும் மூத்தாருக்கு அரிசி மூட்டை மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும். அதன்பின் மூன்று நான்கு நாட்கள் நெல்லைக் காயப்போட்டு, கிளறி, அந்தியில் குவித்து மூடுவது நானும் 68 வயதான என் அத்தையும் (மாமியார்)தான். சென்ற ஆண்டு பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வு நேரத்தில் மேற்கு மலைப்பக்கமிருந்து மழை இறங்க, நாங்கள் இருவரும் தார்ப்பாயை இழுத்து முடிப்பதற்குள் ஒரு மூட்டை அளவு நனைந்து முளைவிட்டுவிட்டது. உங்கள் வீடுகளில் இந்த வேலையை எப்படிப் பங்கிடுகிறீர்கள்?

பதில் – தேரூர் பெரியவர்

மகளே, அந்தக் காலத்தில் அறுக்க, கட்டுச் சுமக்க, சூடடிக்க, பொலி தூற்ற என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தார்கள். களத்திலேயே கொத்து, அதாவது நெல்லாகத் தரும் கூலி, அளந்து கொடுத்த பிறகுதான் மிச்ச நெல் வீட்டுக்கு வரும். காவலுக்கு வீட்டு ஆண்கள் களத்தில் படுத்தார்கள். காயப்போடுவது அப்போதும் பெண்கள் வேலைதான் என்றாலும், அறுத்த கதிர் வயலில் ஒரு நாளாவது கிடந்து வாடுமாகையால் நெல் பாதி காய்ந்தே வாசலுக்கு வந்தது. இப்போது வண்டி கொட்டுகிற நெல்லில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. ஆக, இயந்திரம் களத்து ஆட்கள் வேலையையும் வீட்டு ஆண்கள் காவலையும் வாங்கிக்கொண்டு வீட்டுப் பெண்கள் வேலையைக் கூட்டிவிட்டது; இதை உன் வீட்டுக்காரரிடம் இப்படியே சொல். (வைக்கோலும் நொறுங்கிப் போவதால் படப்பு (வைக்கோல் போர்) வைக்க வழியில்லை, அது வேறு கதை.)

பதில் – பூதப்பாண்டி

எங்கள் வீட்டிலும் இதே வழக்குதான். நெல்லைப் பிரிப்பதற்கு முன்பே, காயப்போட்டவர்களுக்கு நாளொன்றுக்கு ஊர்க் கூலிக்கு ஈடான நெல்லைத் தனியே அளந்து எடுத்துக்கொள்வது என்று என் மாமியார் முன்னிலையில் முடிவு செய்தோம். முதல் தடவை என் கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்; அடுத்து வந்த இரண்டாம் போகமான கும்பப்பூவுக்கு, கூலி நெல்லைக் கொடுக்க மனமில்லாமலோ என்னவோ, இரண்டு நாள் விடுப்பெடுத்து அவரே வந்து நெல்லைக் கிளறினார். மாசி மாத வெயிலில் அது எளிது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் – வயக்காட்டான்

மொத்தத்தையும் ஏன் காயப்போட வேண்டும்? சாப்பாட்டுக்கும் விதைக்கும் வேண்டியதை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை ஈரத்தோடு வியாபாரிக்குக் கொடுத்துவிடலாம். விலை குறையத்தான் செய்யும். அரசு கொள்முதல் நிலையத்தில் போடுவதென்றால் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமாகையால் மறுபடியும் உங்கள் முதுகுதான் வளைய வேண்டும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. கொத்து என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை சிரித்துவிட்டு, "எனக்கு ஐம்பது வருஷத்துக் கொத்து பாக்கி இருக்கு" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மூத்தார் தொலைபேசியில் அழைக்கும்போது அத்தையே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: மாடியில் காயப்போட்டால் அரைக்கும்போது அரிசி உடைந்து நொய்யாகிறது, ஏன்?

பதில் – தேரூர் பெரியவர்

தளம் உச்சிவேளையில் கொதிக்கும்; அந்தச் சூட்டில் உள்ளே அரிசி வெடித்து, அரைக்கும்போது உடைகிறது. இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை காலால் சால் இழுத்துவிட்டு, பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை குவித்து மூடி வை. ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று முறிய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் பாக்கி.