பொருள்: பூப்பந்தில் ‘டிசெப்ஷன்’, வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம்.
எங்கள் பாடசாலைகளுக்கான பூப்பந்து (பட்மின்டன்) கைந்நூல் வெள்ளி அச்சுக்குப் போகிறது. மற்றச் சொற்களை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன், ‘டிசெப்ஷன்’ மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஓங்கி அறையப் போவதுபோல மட்டையைத் தூக்கிவிட்டு, கடைசி நொடியில் ஷட்டிலை வலையோரம் மெல்ல விழுத்துவது. 2025 பாரிஸ் உலகச் சம்பியன்ஷிப் பார்த்ததிலிருந்து பிள்ளைகளுக்கு இந்தப் பைத்தியம்தான். தாய்லாந்தின் குன்லாவுட் இறுதியாட்டத்தில் சீனாவின் ஷி யூசியிடம் தோற்றாலும் இவர்கள் செய்து பார்ப்பது குன்லாவுட்டைத்தான். பழைய குறிப்பில் ‘ஏமாற்று அடி’ என்று இருந்தது. வகுப்பில் வாசித்ததும் ஒரு பிள்ளை, “அப்ப அதுக்குப் புள்ளி வெட்டுவினமோ ரீச்சர்?” என்று கேட்டுவிட்டாள்.
(முல்லைத்தீவு)

பிள்ளை, இதற்கு ஏன் இவ்வளவு அலைச்சல்? கரவு. கரத்தல் என்றால் மறைத்தல். கரவு + அடி = கரவடி. வகரத்தின் மேல் நிற்பது முற்றியலுகரம், எப்படிக் கெடும் என்று யாராவது கேட்க முன்னமே சொல்லிவிடுகிறேன், கதவு + அடைத்தான் கதவடைத்தான் ஆகவில்லையா, அதுபோலத்தான். ஆநிரை கவர்ந்த வெட்சியாரிடமிருந்து அதை மீட்கும் கரந்தைத் திணைக்கும் இதே வேர்தானோ என்று எனக்கு நாற்பது வருடமாக ஓர் ஐயம். பூவின் பெயர் என்பார்கள். பூவுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதானே கேள்வி.
(கிளிநொச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ஐயா மன்னிக்க வேண்டும், அகராதியில் கரவடம் என்றால் களவு. ஏமாற்றிலிருந்து தப்பித் திருட்டில் விழுகிறோம். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பூப்பந்து என்றால் இங்கே தமிழ்நாட்டில் கம்பளி நூல் பந்தில் அணிக்கு ஐந்து பேர் ஆடுகிற வேறு ஆட்டம். இறகுப்பந்து என்று மாற்றிவிடுங்களேன்.
(திருச்சி)

மாற்ற ஏலாது. இங்கே பிறந்த பிள்ளைக்கும் பூப்பந்துதான். பதினாறு இறகும் விரிந்து ஒரு தக்கையில் நிற்கிறதைப் பார்த்தால் பூ என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? சரி, சொல்லுக்கு வருவம். கரவடி என்றால் எங்கள் பொடியள் கரவெட்டி ஊர் அணி வந்திருக்கு என்று நினைப்பாங்கள். நான் பழக்கும்போது சொல்வது ‘பேய்க்காட்டு’, விளையாட்டாக ஏய்ப்பது. கள்ளம் விளையாடுகிறவனுக்கு ‘அலாப்பி’ என்று தனிச் சொல் இருக்கு, ஒருத்தரும் இரண்டையும் குழப்புவதில்லை. பேய்க்காட்டுகிறவனைப் பார்த்துச் சிரிப்போம், அலாப்பியோடு சண்டை பிடிப்போம். விஷயமும் அதுதான்: ஓங்கி அறைகிற ஸ்மாஷுக்கும் மெல்ல விழுத்துகிற ட்ரொப்புக்கும் ஒரே தூக்கல், ஒரே முழங்கை, முன்கை திரும்புகிற இடத்தில் மட்டும்தான் வித்தியாசம். அந்தத் தூக்கல் ஒன்றாக வரவே இரண்டு வருடம் தேவை. அதுவும் எங்களுக்கு வெளி மைதானம், சோளகக் காற்று எழும்பினால் அதுவே எல்லாரையும் பேய்க்காட்டும், விடியப்புறம் ஆறு மணிக்குப் பழகினால்தான் உண்டு.
(மல்லாவி)

நான் இந்தச் சொல்லுக்கு வாக்களிக்க வரவில்லை, இழையை மாற்றுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். அதே பாரிஸில் பெண்கள் இரட்டையரில் பேர்லி டானோடு வெள்ளி எடுத்த மலேசியாவின் தினா முரளிதரனை ஒருத்தரும் சொல்லவில்லையே. பெட்டையள் பழக வர வேண்டுமென்றால் கைந்நூல் அட்டையில் அவர்கள் படம் வர வேண்டும்.
(ரொறன்ரோ)

நல்ல யோசனை. எங்கள் இலங்கை வீரர் நிலூக்க கருணாரத்னவையும் போடுங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் கெனிச்சி தாகோவை 21-18, 21-16 என்று அடித்த செய்தி கேட்டுத்தான் நான் மட்டை வாங்கினேன்.
(மல்லாவி)

நடுவர் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு தடை. சேர்வ் போடத் தொடங்கிய மட்டை நிற்காமல் முன்னோக்கியே போக வேண்டும், இடையில் நிறுத்திப் பேய்க்காட்டினால் பிழை. கத்தியோ கை காட்டியோ வேண்டுமென்று எதிராளியின் கவனத்தைக் கலைத்தாலும் பிழை. ‘பேய்க்காட்டல்’ என்று பொதுவாக எழுதினால் பிள்ளைகள் இதையும் சேர்த்துச் செய்வார்கள், பிறகு என்னோடு வந்து நிற்பார்கள். ‘போக்குக்காட்டல்’ பரவாயில்லை. மட்டையின் போக்கு ஒன்று, ஷட்டிலின் போக்கு வேறு.
(வவுனியா)

போக்கா? வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிறவர்களுக்கு வயிறுதான் ஞாபகம் வரும்.
(மன்னார்)

சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் கந்துகவரி இருக்கிறது. கந்துகம் பந்து. பெண்கள் பந்தடித்துப் பாடுவது. ஆகவே ரொறன்ரோத் தம்பி சொன்ன படத்துக்கும் பழைய சான்று உண்டு. கரவடியை மீண்டும் ஒருமுறை யோசியுங்கள்.
(கிளிநொச்சி)

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு பதினொரு மணிவரை வந்த வாக்குகளை எண்ணினேன்: போக்குக்காட்டல் ஐந்து, பேய்க்காட்டல் நான்கு, கரவடி ஒன்று. தலைப்பில் போக்குக்காட்டல் போட்டு, கீழே ‘பேச்சு வழக்கில் பேய்க்காட்டல்’ என்று ஒரு வரி சேர்த்தேன். சேர்வ் பற்றி வவுனியா அண்ணை சொன்னது பெட்டிக்குள் தனியாக வருகிறது. அச்சகத்துக்குக் கோப்பு போய்விட்டது.
(முல்லைத்தீவு)

நீங்கள் என்னத்தையும் அச்சடியுங்கள், கோட்டுக்கு வெளியே நின்று ‘போக்குக்காட்டு’ என்று கத்தி முடிக்க முன் ஷட்டில் விழுந்துவிடும்.
(மல்லாவி)

என் ஒரு வாக்கை அப்படியே பதிந்து வையுங்கள் பிள்ளை. அதுசரி, புள்ளி கொடுக்காமல் திரும்ப ஆடச் சொல்கிற ‘லெட்’டுக்கு என்ன போட்டீர்கள்?
(கிளிநொச்சி)