புதுப்பிப்பு: கூத்து பார்க்கப் போயிட்டு வந்தேன்

வேலூர் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து எங்கே நடக்கும்னு முன்னாடி கேட்டிருந்தேன் இல்லையா? நீங்க சொன்ன மாதிரியே ஆரணி ரோட்டுல ஒரு கிராமத்து திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனேன். அன்னைக்கு கர்ண மோட்சம், பாரதப் போர்ல கர்ணன் சாகுற கதை.

பத்து மணிக்கு மேலதான் ஆரம்பம். அதுக்கு முன்னாடி வேஷம் கட்டுற இடத்துக்கு ஒரு பெரியவர் கூட்டிட்டுப் போனார். "கிட்ட வந்து பாரு தம்பி, எல்லாம் கல்யாண முருங்கை மரம்"னு தோள்ல கட்டுற புஜக்கட்டையைக் கையில கொடுத்தார். அவ்வளவு பெருசு, தூக்கினா எடையே தெரியல. கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டியிருந்த ஓரம் பல வருஷ வியர்வையில கறுத்திருந்தது. எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு.

கர்ணன் திரைக்குப் பின்னால நின்னு பாடும்போதே கூட்டம் நிமிர்ந்துடுச்சு. நாதஸ்வரம் மாதிரி ஊதுற சின்ன முகவீணையும் மிருதங்கமும் சேர்ந்து ஏறுறப்போ உடம்பெல்லாம் சிலிர்த்தது. கர்ணன் மனைவி பொன்னுருவியா வேஷம் கட்டினவர் ஆம்பளை. போருக்குக் கிளம்புற கர்ணனை அவர் தடுத்து அழுதப்போ, பக்கத்துல பாய் விரிச்சிருந்த ஒரு அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. "வருஷா வருஷம் இதே இடத்துலதான் அழறேன் கண்ணு"ன்னாங்க. கூத்து முடியுற வரைக்கும் அவங்களோட பேசிட்டே இருந்தேன். சுக்கு காபியும் அவங்க வாங்கிக் கொடுத்ததுதான்.

போக நினைக்கிறவங்களுக்கு: பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் ஊருக்கு ஊர் பாரதம், அதாவது மகாபாரதக் கதைத் திருவிழா, நடக்கும். அர்ச்சுனன் தபசு, படுகளம் ரெண்டையும் விட்டுடாதீங்க. துரியோதனன் சாகுற படுகளம் பகல்லதான், மண்ணுல செஞ்ச பெரிய துரியோதனன் உருவத்தைச் சுத்தி நடக்கும். குழந்தைகளையும் கூட்டிட்டுப் போங்க.