இரண்டு நாள் பயிற்சி மூன்றே வாரத்தில் மறந்துபோச்சு, என்ன செய்யலாம்?

பதினோராவது மேசை கேட்டது:

வாடிக்கையாளர் புகார்களைப் பார்க்கும் பதினான்கு பேர் குழுவுக்கு நான் பொறுப்பு. புது மென்பொருளுக்கு மாறினோம். வெளியிலிருந்து ஆள் வரவழைத்து இரண்டு நாள் முழுக்கப் பயிற்சி, நூற்றுக்கு மேல் ஸ்லைடு, கடைசியில் ஒரு தேர்வு. எல்லோரும் தேறினார்கள், கருத்துப் படிவத்தில் 'மிகவும் பயனுள்ளது' என்று டிக் அடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் பழைய எக்செல் ஷீட்டில் எழுதி வைத்துக்கொண்டு சாயங்காலம் மொத்தமாக மென்பொருளில் ஏற்றுகிறார்கள். ஒரே ஆளிடமிருந்து வந்த இரண்டு புகாரை எப்படி இணைப்பது என்று ஒருவரிடம் கேட்டேன், "அன்னைக்குச் சொன்னாங்க சார், மேல எங்கேயோ ஒரு மெனுல இருக்கும்" என்கிறார். மேலாளர் இன்னொரு நாள் பயிற்சி வைத்துவிடலாம் என்கிறார், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வைக்க முடியுமா? வேலை கெடாமல் அதை எப்படிச் செய்வது?

இரவு டூட்டி பதில்:

இன்னொரு நாள் வேண்டவே வேண்டாம் சகோ. நான் நர்ஸ்களுக்கு சிபிஆர் (இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) சொல்லிக்கொடுப்பவள். சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும், ஆனால் கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்க ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் குறைந்தது 5 செ.மீ. என்று யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். பொம்மையின் மேல் கை வைக்கச் சொன்னால் முதல் அரை நிமிடம் சரியாகப் போகும், அப்புறம் ஆழம் குறைந்துகொண்டே வரும், கூடவே வேகம் ஏறும், அது செய்கிறவருக்கே தெரியாது, பக்கத்தில் இருக்கிற திரையைப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது வகுப்புக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. பொம்மையை ஒரு டிராலியில் வைத்து வார்டுக்கே தள்ளிக்கொண்டு போய்விடுகிறோம். ஆளுக்கு இரண்டு நிமிடம், திரையைப் பார்த்து அவர்களே திருத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். உங்கள் குழுவிலும் ஒரு நாளுக்கு ஒரே ஒரு வேலையை எடுங்கள், ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிடம். நீங்கள் செய்து காட்டாதீர்கள், அவர்கள் செய்யட்டும். தப்பாகப் போனால் அங்கேயே, அப்போதே சொல்லுங்கள்.

ஓரமாக உட்கார்ந்தவன் பதில்:

மேலே சொன்னதுதான் சரி. மறதி எவ்வளவு வேகமானது என்று எபிங்காஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே எழுதிவிட்டார், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துப் பார்த்தவர் (அந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு). 2006ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை உங்களுக்கு இன்னும் நேரடியாக உதவும். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ், படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னே நின்றார்கள். உங்கள் ஆட்கள் இரண்டாம் நாள் சாயங்காலம் தேர்வு எழுதித் தேறியது அந்த ஐந்து நிமிட ரகம்.

இன்னொன்று. 1978ல் பேட்லி, லாங்மன் இருவரும் பிரிட்டிஷ் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தினம் ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கு, தினம் நான்கு மணி நேரம் பழகியவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணி நேரமே போதுமானதாக இருந்தது. ஆனால் பயிற்சி முறை பிடிக்கவில்லை என்று அதிகம் முணுமுணுத்ததும் அந்த ஒரு மணி நேர ஆட்கள்தான், நாள் கணக்கில் இழுக்கிறதே என்று. அதனால் அந்தக் கருத்துப் படிவத்தைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

கசப்பு மருந்து பதில்:

எல்லாம் சரி, ஒரு விஷயத்தை யாருமே கேட்கவில்லையே. அவர்கள் மறந்துதான் எக்செல்லுக்குப் போனார்களா? எங்கள் குடோனில் ஸ்கேனர் வந்தபோது மூன்று தடவை பயிற்சி வைத்தும் எல்லோரும் நோட்டில்தான் எழுதினோம். கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பட்டனை அமுக்க முடியாது, அதுதான் காரணம். மேலிடத்துக்கு அது தெரியவர எட்டு மாதம் ஆனது. ஒரு நாள் முழுக்க அவர்கள் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பாருங்கள் சார், அப்புறம் பழக்கத்தைப் பற்றிப் பேசலாம்.

பதினோராவது மேசை மறுபடி:

உட்கார்ந்தேன். கசப்பு மருந்து சொன்னது பாதி உண்மை. புகாரைப் பதியும் திரையில் ஒன்பது கட்டங்களை நிரப்பாமல் சேமிக்க முடியாது, ஆள் லைனில் காத்திருக்கும்போது யார் நிரப்புவார்கள்? ஐடியிடம் சண்டை போட்டு நான்காகக் குறைத்தாயிற்று. மீதிப் பாதி நிஜமான மறதி. காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் வைத்தேன், முதல் நாள் இணைப்பது. பதினான்கில் மூன்று பேர்தான் தேடாமல் செய்தார்கள். நான்காவது நாள் அதையே மறுபடி கேட்டேன், பதினொரு பேர். நடுவில் இரண்டு நாள் விட்டதால் சிலர் எரிச்சலாகிவிட்டார்கள், "அதான் அன்னைக்கே பண்ணிட்டோமே" என்று. அடுத்து பன்னிரண்டாம் நாள் கேட்கப் போகிறேன், முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். மேலாளரும் வந்து உட்காருகிறேன் என்கிறார். அவருக்கும் இணைக்கத் தெரியாது. வரச் சொல்லட்டுமா?

இரவு டூட்டி பதில்:

கட்டாயம் வரச் சொல்லுங்கள். முதல் ஆளாக அவரையே செய்யச் சொல்லுங்கள், எல்லோர் முன்னாலும்.