துவிலி எல்லவுக்குப் பாதை தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து நான்கு பேர் மார்ச்சில் நக்கிள்ஸ் மலைக்காட்டுக்குள் இருக்கும் துவிலி எல்ல அருவிக்குப் போகிறோம். இரண்டு நாள், ஒரு இரவு. வனப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதி எடுத்துக்கொண்டுதான் போவோம். அதைத் தவிர்க்க வழி சொல்ல வேண்டாம்.

தேவையானது இதுதான்: களுகல பக்கமா, அட்டன்வல பக்கமா இப்போது பாதை திறந்திருக்கிறது? அந்தக் காட்டில் பழைய ஏலத்தோட்டப் பாதைகளும் எருமைத் தடங்களும் பிரிந்து பிரிந்து போகும், எல்லாமே பாதை மாதிரித்தான் இருக்கும். மானாப் புல் ஆளுயரம் வளர்ந்தால் அதுவும் மறைந்துவிடும். மர அடர்த்திக்குள் ஜீபிஎஸ் புள்ளி தள்ளிக் காட்டும், அதனால் வரைபடம் மட்டும் போதாது. ஊர் வழிகாட்டி ஒருவரை எப்படிப் பிடிப்பது, நாட்கூலி எவ்வளவு?

ஆற்றைக் கடக்கும் இடத்தில் கயிறு வேண்டுமா? மேல் சரிவில் மழை பெய்தால், கீழே வெயிலடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும்; பின்னேரம் கடப்பதைத் தவிர்க்கவே பார்க்கிறோம்.

அட்டைக் கடியைத் தடுக்க, நெருக்கமாக நெய்த நீள் காலுறையும் காய்ந்த சவர்க்காரமும் இருக்கின்றன. உப்பு ஈரத்தில் கரைந்து போகும், பரிந்துரைக்காதீர்கள்.

நாங்கள் வரும் வான் வண்டியை இரவில் பாதுகாப்பாக விட இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.