அடுப்பில் உருகிய ஈயச்சொம்பு: உங்கள் பாத்திர அனுபவங்களையும் எழுதுங்கள்

உறையூர் வாசி

முந்தாநாள் நடந்தது. இன்னும் மனம் ஆறவில்லை.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு அது. அம்மாவின் கல்யாணச் சீரில் வந்தது, கும்பகோணத்தில் செய்தது. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அதை அடுப்பில் ஏற்ற வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவந்தேன். அன்று சொம்பை வைத்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, புளியைக் கரைக்கத் திரும்பினேன். வாசலில் சிலிண்டர் கொண்டுவந்தவர் அழைத்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் சொம்பு அப்படியே நிற்கிறது. கழுத்து, விளிம்பு எல்லாம் சரியாக இருக்கின்றன. அப்பாடா என்று இடுக்கியால் தூக்கினேன். மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. அடிப்பாகம் பாதரசம் போல உருண்டு பர்னரின் துளைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சொம்பு செய்யும் வெள்ளீயம் (டின்) 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்று மகன் சொன்னான். உள்ளே ரசம் இருந்தால் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், அதனால்தான் இத்தனை நாள் தாங்கியிருக்கிறது.

நேற்றுப் புதுச்சொம்பு பார்க்கக் கடைக்குப் போனேன். பளபளவென்று நான்கைந்தை எடுத்து வைத்தார்கள். சுத்த வெள்ளீயமா, காரீயம் கலந்ததா என்று கேட்டதற்குக் கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான் அம்மா” என்றார். அந்தப் பதிலைக் கேட்டதும் வாங்காமலே வந்துவிட்டேன். காரீயம் (லெட்) நஞ்சு. ரசத்தின் புளிப்பில் அது கரைந்து இறங்கும். பேரப்பிள்ளைகள் குடிக்கும் ரசம் இது. நீங்கள் எதைப் பார்த்து வாங்குகிறீர்கள்?

கொங்குக்காரன்

ஈயம் பற்றி எனக்குத் தெரியாது. தோசைக்கல் கதை ஒன்று உண்டு.

சந்தையில் பொறுக்கி எடுத்த வார்ப்பிரும்புக் கல். வீட்டுக்கு வந்ததும் பதினோரு நாள் பழக்கினோம். அரிசி களைந்த நீரில் ஊறவைப்பது, கழுவித் துடைத்து விளக்கெண்ணெய் தடவிக் காயவைப்பது, வெங்காயத்தை வெட்டித் தேய்ப்பது எல்லாம் முறையாக நடந்தன. பன்னிரண்டாம் நாள் தோசையின் ஓரம் தானாக எழும்பியது. என் மனைவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அன்றிரவு ஊரிலிருந்து வந்திருந்த அண்ணன், சாப்பிட்டு முடித்ததும் உதவி செய்வதாக நினைத்துச் சுடுகல்லைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டார். ஒரே ஒரு சத்தம். மணியைக் கல்லால் அடித்தது போல இருந்தது. விளிம்பிலிருந்து நடுவரைக்கும் தலைமுடி அளவு கோடு. மறுநாள் எண்ணெய் விட்டால் அந்தக் கோட்டின் வழியே கசிந்து தீயில் சொட்டியது.

கல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணனைப் பார்த்து நான் சொன்ன சொல்தான் உறுத்துகிறது. அதன் பிறகு அவர் என் வீட்டில் கை நனைக்கவில்லை.

சிட்லபாக்கம்

மேலே இருவரும் பழைய பாத்திரங்களுக்காக இவ்வளவு வருந்தத் தேவையில்லை. நல்ல எவர்சில்வர் வாங்கிவிட்டால் உருகாது, விரிசல் விடாது. நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். சாம்பார் வைக்க வாங்கிய அடுக்கில் மூன்றே மாதத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. அன்றிலிருந்து கடைக்குப் போனால் ஒரு முறை வைத்திருக்கிறேன்.

பையில் ஒரு காந்தம் எடுத்துச் செல்லுங்கள். பாத்திரத்தில் ஒட்டினால் அது மட்டமானது, வைத்துவிடுங்கள். ஒட்டாவிட்டால் 304 என்கிற நல்ல எவர்சில்வர் ரகம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அடுத்து, கையில் தூக்கிப் பாருங்கள். கனம் இல்லாத தகட்டில் பால் அடிப்பிடிக்கும். கைப்பிடி தறையாணி (ரிவெட்) அடித்துப் பொருத்தியதா, வெறுமனே புள்ளி வைத்து ஒட்டியதா என்று பாருங்கள். ஒட்டிய கைப்பிடி கொதிக்கும் சாம்பாரோடு கழன்று வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மூடி வாய் முழுவதும் படிகிறதா என்று சுற்றிப் பாருங்கள். கூடிய மட்டும் மூன்றடுக்குப் பாத்திரம் வாங்குங்கள். எவர்சில்வர் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். நடுவில் அலுமினியமும் இருபுறமும் எவர்சில்வரும் உள்ள வாணலியில் சூடு ஒரே இடத்தில் குவியாது. குக்கர் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் தொடாதீர்கள். இவற்றைப் பின்பற்றினால் இப்படி வருந்தி எழுத வேண்டியிருக்காது.

பட்டறைக்காரன்

சிட்லபாக்கம் நண்பருக்கு: காந்தம் பற்றி நீங்கள் எழுதியது தவறு. படிப்பவர்கள் நம்பிவிடுவார்கள் என்பதால் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளாக இந்தத் தகடுகளை வெட்டி, வளைத்து, பற்றவைத்துப் பிழைப்பவன் நான்.

304 ரகத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்வது 202. அதிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே உங்கள் காந்தம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. உப்புக்கும் புளிக்கும் முதலில் தோற்பது 202தான். ஒட்டும் ரகமான 430ல் நிக்கல் கிட்டத்தட்ட இல்லை, ஆனால் அது போலி அல்ல. இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கும் பாத்திரத்தின் அடியில் காந்தம் பிடிக்கும் தகடு இருந்தே ஆக வேண்டும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி எங்கிருந்து வந்தது என்றால், நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். என் மனைவி சீட்டுப் பணத்தில் ஆசையாக ஒரு வாணலி வாங்கி வந்தாள். அடியில் காந்தத்தை வைத்தேன், டக்கென்று பிடித்தது. “ஏமாற்றிவிட்டார்கள், கொண்டுபோய்த் திருப்பிக் கொடு” என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் இரண்டு பஸ் மாறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த ஆண்டு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். வீட்டில் இருந்த ஒவ்வொரு பாத்திரமாக வைத்துப் பார்த்தாள். எதை வைத்தாலும் அடுப்பு பீப் பீப் என்று கத்தியது. கடைசிப் பாத்திரத்தை இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் அடுக்கில் புள்ளி வந்ததற்கு உப்பும் காரணமாக இருக்கலாம். குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டால் அது அடியில் தங்கி அந்த இடத்தை அரிக்கும். தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள்.

மாடித்தோட்டம்

என்னுடையது மாவு ஒட்டாத பூச்சுள்ள (நான்-ஸ்டிக்) தவா. நிறுவனத்தின் பெயரை எழுத விரும்பவில்லை.

சமையலறை ஜன்னலோரம் கூண்டில் இரண்டு லவ் பேர்ட்ஸ். தவாவை அடுப்பில் வைத்தேன், மாவு எடுக்கப் போனேன், போன் வந்தது, மறந்துவிட்டேன். புகை சூழவில்லை, தீய்ந்த வாடை கூட இல்லை. லேசாக ஒரு பிளாஸ்டிக் நெடி மட்டும் இருந்தது. கூண்டைப் பார்த்தேன். ஒன்று கம்பியைப் பிடித்தபடியே வாயைத் திறந்து திறந்து மூடியது. மற்றது அதற்குள் கீழே கிடந்தது. என் மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் இரண்டும் போய்விட்டன.

அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும், இன்னும் சூடேறினால் எழும் ஆவியைப் பறவைகளின் நுரையீரல் தாங்காது என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்தால் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாதாம். வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. கூண்டை இன்னும் கழற்றவில்லை.

சிட்லபாக்கம்

மாடித்தோட்டம் சகோதரிக்கு வருத்தங்கள். ஆனால் அதற்காக எல்லோரும் ஒட்டாத தவாவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சிறு தீயில், மரக்கரண்டி கொண்டு புழங்கினால்...

மாடித்தோட்டம்

நான் யாரையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்துப் பாட்டி

பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்கிறேன்.

எழுபதுகளில் எவர்சில்வர் மோகம் வந்தது. பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்காத வீடே எங்கள் தெருவில் இல்லை. பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், விட்டால் களிம்பு ஏறும், புளி போட்டுத் துலக்கிக் கை தேயும். எனக்கும் அலுத்துவிட்டது. பித்தளை அண்டா, தவலை எல்லாம் போட்டேன். கூடவே என் மாமியாரின் வெண்கலப் பானையையும் தூக்கிக் கொடுத்தேன். வெண்கலத்துக்கு ஈயம் பூசவே வேண்டாம், பொங்கலுக்கு அதைவிட வேறு பாத்திரம் கிடையாது. தெரிந்தேதான் கொடுத்தேன்.

மூட்டையில் அடங்க வேண்டும் என்று வாங்க வந்தவர் வாசலிலேயே சம்மட்டியால் அடித்தார். பித்தளை நசுங்கியது. வெண்கலப் பானை நசுங்கவில்லை. கணீரென்று ஒலித்து, அந்த ஒலி அடங்குவதற்குள் துண்டு துண்டாகச் சிதறியது. திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாகும்வரை.

உறையூர் அம்மா, உருகியதைக் குப்பையில் போட்டுவிடாதே. பழைய ஈயத்தைக் கொடுத்தால் உருக்கிப் புதிதாகச் செய்து தருவார்கள். கழுத்துத் துண்டைக் காதருகில் வைத்து வளைத்துப் பார். வெள்ளீயம் என்றால் நறநறவென்று பேசும். காரீயம் ஊமை.

கொங்குத் தம்பி, உன் அண்ணனுக்கு இன்றைக்கே ஒரு போன் போடு.

பட்டறைக்காரன்

பாட்டி சொல்வது உண்மை, வெள்ளீயத்துக்கு அந்த ஒலி உண்டு. ஆனால் காரீயம் கொஞ்சமாகக் கலந்திருந்தால் காதால் கண்டுபிடிக்க முடியாது. உலோகத்தை எக்ஸ் கதிரில் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டைக் கொடுத்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறையூர் வாசி

பர்னரிலிருந்து சுரண்டி எடுத்ததையும் கழுத்துப் பகுதியையும் சேர்த்துத் தராசில் வைத்தேன், 610 கிராம். கதவைச் சாத்திக்கொண்டு, விளிம்பில் ஒரு துண்டை வெட்டிக் காதருகில் வளைத்தேன். நறநறவென்று கேட்டது, பாட்டி. இன்னொரு துண்டை ஆய்வுக்கூடத்துக்காக எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் சரி என்று எழுதிக் கொடுத்தால், மீதியை எடுத்துக்கொண்டு கும்பகோணம் போகிறேன். என் கண்ணெதிரில் உருக்கித் தரச் சொல்லப்போகிறேன்.

கொங்குக்காரன்

போட்டேன், பாட்டி. அண்ணி எடுத்தார். அண்ணன் தோட்டத்துக்குப் போயிருக்கிறாராம். இரவு மறுபடி கூப்பிடுகிறேன்.